உங்களுக்குத் தெரியுமா? - கல்லைக் குடைந்த கதை

எகிப்து என்றதும் பிரமிடும் மம்மியும்தான் நம் நினைவுக்கு வரும். அருங்காட்சியகத்துக்குப் போனாலும் அவற்றுக்குத்தான் கூட்டம். ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நிற்கும் கல் ஜாடிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்த முறை ஜாடிகளின் முறை. அவற்றை வெட்டி எடுத்த குவாரிகளும் பட்டறைக் குப்பையும் கூடவே வரும்.

ஒரே இடத்தில் 40,000

சக்காராவில் உள்ள படிக்கட்டுப் பிரமிடு, சுமார் 4,650 ஆண்டுகளுக்கு முன் ஜோசர் மன்னனுக்காகக் கட்டப்பட்டது. அதன் அடியில் உள்ள சுரங்கப் பாதைகளில் கிடைத்த கல் பாத்திரங்கள் சுமார் 40,000! 1930-களில் ஜேம்ஸ் குயிபெல்லும் ழான்-பிலிப் லோயேரும் அவற்றை வெளியே கொண்டுவந்தார்கள். மேல்தளப் பாறை சரிந்து விழுந்ததில் பெரும்பாலானவை நொறுங்கிக் கிடந்தன.

இதைவிட வேடிக்கை, அவற்றில் பொறித்திருந்த பெயர்கள். ஜோசரின் பெயரைத் தேடினால் அவனுக்கு முன் ஆண்ட முதலாம், இரண்டாம் வம்சத்து மன்னர்களின் பெயர்களாக வருகின்றன. முன்னோர் கல்லறைகள் கொள்ளை போனபின் மிஞ்சியதை ஜோசர் பத்திரப்படுத்தினானா, அரண்மனைக் கிடங்கைக் காலி செய்து உள்ளே தள்ளினானா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எதுவானாலும், எகிப்தின் தொடக்ககால அரசர் வரிசையைச் சரிபார்க்க இன்று உதவுபவை இந்தச் சட்டி பானைகள்தாம்.

மண்பானைக்கு மூத்தது

முதலில் மண்பானை, பிறகுதான் கல் பாத்திரம் என்று நினைப்போம். மேற்காசியாவில் நடந்தது தலைகீழ். தென்கிழக்குத் துருக்கியில் டைகிரிஸ் ஆற்றங்கரைக்கு அருகே கோர்திக் தெப்பே என்ற மேடு. அங்கே வாழ்ந்தவர்களுக்கு மண்பாண்டம் சுடத் தெரியாது. ஆனால் குளோரைட் என்ற மெத்தென்ற கல்லில் பாத்திரம் குடைந்து, வெளிப்புறம் முழுக்கக் கோடும் உருவமுமாக அலங்கரித்தார்கள். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேலை. இத்தனை பாடுபட்டுச் செய்ததை இறந்தவரோடு புதைக்கும்போது வேண்டுமென்றே உடைத்துப் போட்டிருக்கிறார்கள்.

முதலில் வெளிப்புறம்

எகிப்தியக் கல்தச்சர் ஜாடி செய்யும்போது எதை முதலில் செய்வார்? குடைவதைத்தான் என்று தோன்றும். இல்லை. வெளிப்புறத்தை முழுதாகச் செதுக்கி, தேய்த்து, வடிவம் கொடுத்த பிறகே உள்ளே கை வைப்பார். காரணம் எளிது. உள்ளே கல் நிறைந்திருக்கும்போது வெளியே எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தாங்கும். குடைந்த பிறகு தட்டினால் விரிசல் விடும்.

வாய் குறுகி வயிறு பெருத்த ஜாடியை உள்ளே எப்படி அகலப்படுத்துவது? அதற்கென்றே ஒரு கருவி இருந்தது. எட்டு என்ற எண்ணைப் போல (நம் ‘8’தான்) இடை சிறுத்த ஒரு கல் துண்டு. அதை நீளவாக்கில் கழுத்து வழியே உள்ளே இறக்கி, பிறகு குறுக்காகத் திருப்பிக்கொள்வார்கள். கவட்டைக் கம்பு ஒன்று அதன் இடுப்பைப் பிடித்துச் சுழற்றும். மணல் தேய்க்கும். வயிறு விரிய விரிய இன்னும் நீளமான கல்லைப் போட வேண்டும். இதற்குப் பொறுமை மட்டும் போதாது. கண்ணுக்குத் தெரியாத உள்சுவரின் கனத்தைக் கையாலேயே உணர வேண்டும்.

எழுத்தாகிப்போன கருவி

அந்தத் துளைக்கருவியின் மேல் முனையில் இரண்டு பக்கமும் கல் எடைகள் தொங்கும். கருவியைக் கீழே அழுத்துவது அவற்றின் வேலை. கைப்பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சக்காராவில் உள்ள மெரெருகா கல்லறைச் சுவரில் இதை வைத்து ஜாடி குடையும் ஆட்களைப் பார்க்கலாம். எகிப்தியச் சித்திர எழுத்தில் இந்தக் கருவியின் படத்துக்கு ‘கைவினை’ என்றே பொருள். தச்சர், பொற்கொல்லர், சிற்பி என்று எத்தனையோ பேர் இருந்தும் கல் குடைபவரின் கருவிதான் மொத்தக் கைத்தொழிலுக்கும் அடையாளமானது!

பிறைநிலாக் கற்கள்

ஃபயூம் பள்ளத்தாக்கின் வடக்கே உம் அஸ்-ஸவ்வான் என்ற இடத்தில் ஜிப்சம் குவாரி ஒன்று உண்டு. 1920-களில் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் எலினோர் கார்ட்னரும் அங்கே ஆய்வு செய்தபோது பிறை வடிவில் செதுக்கிய சிக்கிமுக்கிக் கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. கிண்ணம் குடையும் துளைக்கருவியின் அலகுகள் அவை. தேய்ந்ததும் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே பாதி செதுக்கி விட்ட பாத்திரங்கள்.

இதுபோன்ற குப்பைதான் எனக்குப் பிடித்தது. முழு ஜாடி தன்னைச் செய்தவரைப் பற்றி மூச்சுவிடாது. தேய்த்த தேய்ப்பில் எல்லாத் தடயமும் போயிருக்கும். உடைந்ததும் அரைகுறையாக நின்றதும்தான் எங்கே அடித்தார்கள், எந்தப் பக்கம் சுழற்றினார்கள், எந்த நிலையில் கைவிட்டார்கள் என்பதையெல்லாம் சொல்லும்.

செம்பு கருங்கல்லை வெட்டுமா?

வெட்டாது. செம்பு மென்மையான உலோகம். கருங்கல் அதைவிடப் பலமடங்கு கடினம். ஆனால் எகிப்தியர் கருங்கல்லில் துளை போட்டது செம்புக் குழாயைக் கொண்டுதான். மர்மம் மணலில் இருக்கிறது. குழாயின் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே குவார்ட்ஸ் மணலைப் போட்டுச் சுழற்றினால் வெட்டுவது மணல். செம்பு அதைச் சுற்றிக்கொண்டு போகும் வாகனம், அவ்வளவே. குழாயும் கூடவே தேயும். நடுவில் ஒரு கல் உருளை மிஞ்சும். அதை உடைத்து எடுத்துவிட்டால் துளை தயார்.

பிரிட்டனைச் சேர்ந்த டெனிஸ் ஸ்டாக்ஸ் இதைப் பேச்சோடு விடவில்லை. தானே செம்புக் குழாய் வார்த்து, வில்லால் சுழற்றி, மணல் போட்டு அஸ்வான் கருங்கல்லில் துளையிட்டுப் பார்த்தார். வேலை மெதுவாக நடந்தது, ஆனால் நடந்தது.

அப்படி மிஞ்சிய உருளைகளில் ஒன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது. 1880-களின் தொடக்கத்தில் கீஸாவில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி எடுத்த ‘7-ஆம் எண்’ உருளை இன்று லண்டனில் அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிலும் ஓடும் கீறல்களைப் பார்த்த பெட்ரி, குழாயின் விளிம்பில் ரத்தினக் கற்களைப் பதித்திருப்பார்கள் என்று ஊகித்தார். 1983-ல் கோரலிக், குவின்னெட் என்ற இருவர் சோதனை செய்து, குருந்தக்கல் தூளை எண்ணெயிலோ நீரிலோ குழைத்துப் போட்டாலே அப்படிப்பட்ட கீறல் விழும் என்று காட்டினார்கள். யூடியூபில் மட்டும் அந்த உருளை இன்னமும் வேற்றுக்கிரகவாசிகளின் மின்துளைப்பான் வேலை. ஒரு வாரம் மணலோடு மல்லுக்கட்டினால் அந்த எண்ணம் போய்விடும் என்று நினைக்கிறேன்.

நகம் போதும்

ஒரே பெயரில் இரண்டு கல் உலவுவதுண்டு. எகிப்திய அலபாஸ்டர் என்று அருங்காட்சியகச் சீட்டில் இருப்பது பெரும்பாலும் கால்சைட். உண்மையான அலபாஸ்டர் ஜிப்சம். நகத்தால் கீறினால் ஜிப்சத்தில் கோடு விழும், கால்சைட்டில் விழாது. (அருங்காட்சியகத்தில் முயல வேண்டாம்.)

சறுக்குப் பாதைக்கு இருபுறமும் படிக்கட்டு

அந்தக் கால்சைட்டுக்குப் பேர்போன குவாரி ஹத்நுப். அமர்னா நகரத்தின் தென்கிழக்கே பாலைவனத்துக்குள் இருக்கிறது. பெரிய பள்ளத்திலிருந்து கற்பாளங்களை எப்படி மேலே ஏற்றினார்கள் என்பதற்கு 2018-ல் ஒரு விடை கிடைத்தது. பிரெஞ்சு - பிரிட்டிஷ் குழு ஒன்று செங்குத்தான சரிவுப் பாதையைக் கண்டுபிடித்தது. அதன் இரு பக்கமும் படிக்கட்டு. படிக்கட்டு நெடுக, கம்பம் நட்ட குழிகள். கம்பங்களில் கயிற்றைச் சுற்றி, மேலேயும் கீழேயும் நின்று இழுத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. காலம், பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் காலம்.

உலகின் பழைய கல் பாவிய சாலை

கல் பாவிய சாலைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று எங்கே இருக்கிறது? ரோமில் அல்ல. ஃபயூமின் வடக்கே வீதான் அல்-ஃபராஸ் பசால்ட் குவாரிக்குச் செல்லும் சாலைதான் அது. நீளம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர், அகலம் சுமார் 2 மீட்டர். வயது 4,500 ஆண்டு. பாவிய கற்களைப் பாருங்கள்: மணற்கல், சுண்ணாம்புக்கல், சில இடங்களில் கல்லாகிப்போன மரம். வழியில் எது கிடைத்ததோ அதைப் போட்டிருக்கிறார்கள். சாலை ஒரு பழைய ஏரிக்கரையில் முடிகிறது. அங்கிருந்து வெள்ளக் காலத்தில் படகு. பெரிய பிரமிடை ஒட்டிய கோயிலின் தரையில் பதித்த கருநிறக் கல் இங்கிருந்து போனதுதான்.

வழி தவறியவர்கள் கண்ட குவாரி

நூபியப் பாலைவனத்தில் அபு சிம்பலுக்கு வடமேற்கே உள்ள ஜெபல் அல்-அஸ்ர் குவாரி நவீன உலகுக்குத் தெரிய வந்தது 1932-ல், அதுவும் தற்செயலாக. அங்கே வழி தவறிச் சென்ற ராணுவ வாகன அணி ஒன்றின் கண்ணில் பட்டது. கெய்ரோ அருங்காட்சியகத்தில் தலைக்குப் பின்னால் பருந்து அமர்ந்திருக்கும் காஃப்ரே மன்னன் சிலையை ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கல் இங்கே வெட்டியது. பல கிண்ணங்களும் இந்தக் கல்லில்தான். வெயிலில் இந்தக் கல் லேசான நீலத்தில் மின்னும். நைல் வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இழுத்துப்போகும் அளவுக்கு இதில் என்ன கண்டார்கள் என்ற கேள்விக்கு அந்த மினுமினுப்பே பதில் என்கிறார்கள் நிலவியலாளர்கள். அருங்காட்சியக விளக்கொளியில் அது தெரியாது.

வரைபடமும் மரணக் கணக்கும்

நிலவியல் வரைபடங்களில் மிகப் பழையது ஒரு பாப்பிரஸ் சுருள். இப்போது இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது. கி.மு. 1150 வாக்கில், நான்காம் ராமசேஸ் வாடி ஹம்மாமத்துக்குக் கல் எடுக்க அனுப்பிய பயணக் குழுவை ஒட்டி வரையப்பட்டது. கல்லின் வகைக்கேற்ப மலைகளுக்கு வேறு வேறு நிறம் தீட்டியிருக்கிறார்கள். அந்தப் பயணத்தில் போனவர்கள் எட்டாயிரத்துக்கும் மேல். இறந்தவர்கள் 900 பேர் என்று அரசனின் கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது. எழுத்தர், சமையல்காரர், கல்வெட்டி என்று வகை பிரித்து ஆள் கணக்கு எழுதிவிட்டு, இறந்தவர்களை ஒரே எண்ணாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

கல் மாதிரி மரம்

போலிச் சரக்கு நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. 1905-ல் திறக்கப்பட்ட யுயா - துயா கல்லறையில் இருந்த சில ஜாடிகள் மரக்கட்டைகள். கல்லின் நரம்புகளைப் போலவே வண்ணம் தீட்டியிருந்தது. யுயாவின் மகள் எகிப்தின் பட்டத்து ராணி; காசுக்குப் பஞ்சமில்லை. மறுமையில் ஜாடி தெரிந்தால் போதும், உள்ளே குடைந்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்தார்கள் போலும். இதற்கும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே மண்பானையில் கல் புள்ளி வைத்து ஏமாற்றியவர்கள் உண்டு.

தங்க மூடி

இரண்டாம் வம்சத்துக் கடைசி மன்னன் காசெகெம்வி. அபிடோஸில் அவன் கல்லறையில் பெட்ரி எடுத்த சிறு கல் ஜாடிகளுக்குத் தங்கத் தகடு மூடி. துணி மூடிக் கயிறு கட்டியது போலவே தகட்டில் வேலைப்பாடு. கயிறும் தங்கம்.

சாபுவின் தட்டு

1936-ல் வால்டர் எமெரி சக்காராவில் சாபு என்பவரின் கல்லறையில் கண்டெடுத்த கல் தட்டு, மூன்று மடல்கள் உள்ளே மடிந்த நிலையில் கப்பல் உந்துவிசிறி போலத் தெரியும். 61 செ.மீ. விட்டம். முதலாம் வம்சத்து வேலை. பறக்கும் தட்டின் உதிரி பாகம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நடுவில் உள்ள குழல் போன்ற பகுதி, விளக்குத் தண்டு, பூத்தண்டு போல ஏதோ ஒன்றை நிறுத்தப் போதுமானது. கல் வண்டல் பாறை. வேகமாகச் சுழற்றினால் சிதறிவிடும்.

ஊர் சுற்றிய ஜாடிகள்

சிரியாவின் எப்லா அரண்மனையில் காஃப்ரே பெயர் பொறித்த கல் துண்டுகள். ஸ்பெயினின் தென்கரையில் அல்முன்யேக்கர் என்ற ஊரில், இரண்டாம் ஒசோர்கோன் போன்ற எகிப்திய மன்னர்களின் பெயர் தாங்கிய ஜாடிகள். பின்னதில் இருந்தது ஒயின் அல்ல. எரித்த சாம்பல்! அங்கே குடியேறிய ஃபினீசிய வணிகர்கள், அரண்மனைச் சரக்கை ஈமத்தாழியாக்கிக்கொண்டார்கள்.

நான்கு மொழி, ஒரு ஜாடி

பாரசீக மன்னன் சேர்க்சஸ் தன் பெயரைக் கல் ஜாடிகளில் நான்கு மொழிகளில் பொறிக்கச் செய்தான்: பாரசீகம், எலமைட், பாபிலோனியம், எகிப்தியம். பாரிஸில் இருந்த அப்படியொரு ஜாடிதான் 1820-களில் ஆப்பெழுத்தைப் படித்தவர்களுக்குக் கைகொடுத்தது. ஷாம்போலியன் எகிப்திய எழுத்தில் அந்தப் பெயரைப் படித்தார். ஆப்பெழுத்தில் குரோட்டேஃபெண்ட் ஊகித்திருந்த அதே பெயர்! அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலும் சேர்க்சஸின் ஜாடி ஒன்று உண்டு. அதன் உட்புறப் படிவை ஆராய்ந்து 2025-ல் வெளியிட்ட முடிவு: அபின்.

ஜிரோஃப்ட் வெள்ளம்

ஈரானின் கெர்மான் பகுதியில் தெப்பே யாஹ்யா என்ற மேட்டில் லாம்பர்க்-கார்லோவ்ஸ்கி 1968 முதல் அகழ்ந்தார். குளோரைட் பாத்திரப் பட்டறை கிடைத்தது. தேளும் பாம்பும் பேரீச்ச மரமும் செதுக்கிய இதே பாணிப் பாத்திரங்கள் ஈராக்கின் உர், சிரியாவின் மாரி, சவூதியின் தாருத் தீவு வரை போயிருக்கின்றன.

2001-ல் பக்கத்து ஜிரோஃப்ட் வட்டாரத்தில் ஹலீல் ஆற்றில் வெள்ளம் வந்து கரையை அரித்ததும் பழைய கல்லறைகள் வெளியே தெரிந்தன. கடப்பாரையோடு இறங்கினார்கள் ஊர்மக்கள். நூற்றுக்கணக்கான பாத்திரங்கள் கள்ளச் சந்தைக்குப் போயின. போலீஸ் பறிமுதல் செய்தவையும் ஏராளம். எந்தக் குழியில், எந்த எலும்போடு, எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் இருந்தது என்ற தகவல் எதுவும் இல்லாமல் பாத்திரம் மட்டும் மிஞ்சினால் தொல்லியலுக்கு அது அழகான கல், அவ்வளவுதான். போதாக்குறைக்குப் புதிதாகச் செதுக்கிய போலிகளும் அதே சந்தையில் கலந்தன. எது அசல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

300 துண்டு, ஒரு குடுவை

கிரீட் தீவின் ஜாக்ரோஸ் அரண்மனையில் 1960-களில் கிடைத்த படிகக் குடுவை 300-க்கும் மேற்பட்ட சில்லுகளாகக் கிடந்தது. ஒட்டிச் சேர்த்து ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கைப்பிடி, படிக மணிகளைக் கோத்தது.

தீட்டுப் படாத கல்

இயேசு காலத்து யூதர்கள் வீட்டில் கல் பாத்திரங்கள் நிறைய. ஏன்? மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்தே ஆக வேண்டும். கல்லுக்குத் தீட்டு ஒட்டாது என்பது அவர்கள் சட்டம். எனவே மெத்தென்ற சுண்ணக்கல்லைக் கடைசல் பிடித்துக் குவளை, கிண்ணம், ஆள் இடுப்பளவு சாடி எல்லாம் செய்தார்கள். எருசலேம் அருகே ஹிஸ்மாவில் ஒரு குவாரிக் குகை. கலிலேயாவில் ரெய்னா என்ற ஊரில் இன்னொன்று. 2017-ல் யோனத்தான் அட்லர் குழு அகழ்ந்தது. அங்கே கடைசலில் மிஞ்சிய உருளைகள் ஆயிரக்கணக்கில். பைபிளில் வரும் கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீர் நிரப்பிய ஆறு சாடிகளும் கல் சாடிகள். அந்த ஊர் என்று கருதப்படும் இடம் ரெய்னாவுக்கு நடக்கிற தூரம்.

பாறையில் பல் பதிந்த தடம்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஃப்ளூர் டி லி என்ற கடலோரக் கிராமம். மாக்கல் பாறைச் சுவர் முழுக்கச் சதுரமும் நீள்சதுரமுமாகக் குழிகள். டார்செட் என்ற பழங்கால மக்கள் பாத்திரத்தைப் பாறையிலேயே வெளிப்புறம் செதுக்கி, பிறகு அடியைப் பெயர்த்து எடுத்த இடங்கள் அவை. பெயர்க்காமல் விட்ட பாத்திரங்கள் இப்போதும் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சீல் கொழுப்பு எரிக்கும் விளக்குகளும் இங்கிருந்துதான். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் கேட்பண்ட் ஓடையோரம் வைக்கிங்குகளின் குவாரியிலும் இதே காட்சி. இரண்டு கூட்டத்துக்கும் தொடர்பே இல்லை. கல் ஒன்று, அதனால் வேலை செய்யும் முறையும் ஒன்றாகிவிட்டது.

நம் வீட்டுக் கல்சட்டி

அந்த மாக்கல்தான் சேலத்துக் கல்சட்டியும். மாக்கல்லில் டால்க் அதிகம்; அதனால் இரும்பு உளிக்கு இளகும். சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். அடுப்பை அணைத்த பிறகும் வற்றல் குழம்பு கொதிப்பது இதனால்தான். புதுச் சட்டியை நேரே தீயில் வைத்தால் விரிசல் விடும். வடித்த கஞ்சியை ஊற்றி வைத்துப் பழக்க வேண்டும் என்று பாட்டி சொன்னது சரிதான்.

சட்டி செய்த ஊர் மேல் சரிந்த மலை

ஆல்ப்ஸ் மலையில் இத்தாலியின் பியூரோ, பட்டாலும் மாக்கல் பாத்திரத்தாலும் பணம் பார்த்த ஊர். 1618 செப்டம்பரில் மலைச்சரிவு அதை மூடியது. சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள். ஊருக்கு மேலே மலையைக் குடைந்த குவாரிகளும் காரணம் என்று சொல்வோர் உண்டு.

கழுகான ஜாடி

ரோமப் பேரரசர்களுக்குப் பிடித்த கருஞ்சிவப்புப் போர்ஃபிரி, எகிப்தின் கீழைப் பாலைவனத்தில் ஒரே ஒரு மலையில் கிடைத்தது. கண்டுபிடித்தவர் காயுஸ் கோமினியுஸ் லெயுகாஸ், தேதி கி.பி. 18 ஜூலை 23. அவரே கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கல்லில் செய்த பழைய ஜாடி ஒன்று பிரான்சில் செயிண்ட்-டெனி மடத்துப் பெட்டியில் சும்மா கிடந்தது. 12-ஆம் நூற்றாண்டில் மடத்தலைவர் சுஜேர் அதற்கு வெள்ளியில் தலையும் இறக்கையும் காலும் பொருத்திக் கழுகாக்கிவிட்டார். லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜாடி வேண்டாம், எண்ணெய் போதும்

துட்டன்காமன் கல்லறையில் பழங்காலத்திலேயே திருடர்கள் புகுந்துவிட்டார்கள். வழவழப்பான கால்சைட் ஜாடிகளை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருந்த வாசனைத் தைலத்தை மட்டும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். கொண்டுபோக ஆயத்தமாக எடுத்துவந்த தோல் பைகள்கூடக் கிடைத்தன. ஜாடி கனம், பிடிபட்டால் யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். தைலத்துக்கோ அன்றைய சந்தையில் நல்ல விலை, அடையாளமும் கிடையாது. 1920-களில் ஹோவர்ட் கார்ட்டர் அந்த ஜாடிகளுக்குள் பார்த்தபோது, ஒட்டியிருந்த தைலத்தில் வழித்தெடுத்த விரல்களின் தடம் அப்படியே இருந்தது.